கழுதை வசனத்தை ரிஜெக்ட் செய்த மச்சானுக்கு

மச்சான்,

நேற்று வானகரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா என் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்துவிட்டுப் போனார். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கப் போகிறதல்லவா, தெருவுக்குத் தெரு இப்போது இதுதான். பைபிளில் முன்னாடியே சொன்னதெல்லாம் அப்படியே நடந்திருக்கிறது, மிச்சமும் நடக்கப் போகிறது, ஆகவே நம்பு என்கிறது பிரசுரம். மட்டமான மஞ்சள் தாள். மை கட்டை விரலில் ஒட்டியது. பஸ் வருகிற வரைக்கும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

கழுதை இருக்கிறது மச்சான். நீ சிவப்புப் பென்சிலால் அடித்த அதே கழுதை. எகிப்து இருக்கிறது, நாசரேத்து இருக்கிறது. நீ மாங்கு மாங்கென்று உட்கார்ந்து தள்ளிய சரக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. இதை நான் யாரிடம் போய்க் கத்துவது? கத்துவதற்கென்று எனக்கு இருந்தது ஒரே ஆள். நீயும் போன வருஷம் கிளம்பிப் போய்விட்டாய். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பதையும் கண்டுகொள்ளாமல், உன்னை வாய்விட்டே திட்டினேன்.

நாம் பழகியதே சண்டையில்தானே. எண்பதுகளின் நடுவில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆவடியில் நீ வேலை பார்த்த அரசாங்கத் தொழிற்சாலைக்கு நாங்கள்தான் புஷ் என்கிற துளையிட்ட உருளைகளைக் கடைந்து கொடுப்போம். அளந்து பார்த்து முத்திரை குத்த நீ வருவாய். சட்டைப் பையில் சிவப்புப் பென்சில், கையில் துளை அளவு பார்க்கிற கேஜ். அந்த கேஜுக்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், இன்னொரு முனை போகவே கூடாது. போகக் கூடாத முனை உள்ளே போய்விட்டால் ஜாப் குப்பைக்கு. முதல் நாளே என்னுடைய லாட் முழுவதிலும் சிவப்பில் R, ரிஜெக்ட் என்று போட்டுத் தள்ளினாய். மயிரிழை வித்தியாசம்தான் அண்ணாத்தே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று நான் கெஞ்சினேன். நீ கேஜைத் துடைத்து உறைக்குள் வைத்தபடி, "போவக் கூடாத பக்கம் போச்சு. அவ்ளோதான்" என்றாய். ஷெட் முதலாளி உனக்கு வாங்கி வைத்த காபியைக்கூடத் தொடவில்லை.

அப்படிப்பட்ட நீ ஒரே ஒரு தடவை இறங்கி வந்தாய். ஒரு லாட்டில், டிராயிங்கில் இருந்த அளவைவிட நீளம் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஒரு புஷ்ஷை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். டிராயிங்குக்குச் சேரவில்லை, ஆனால் வேலைக்கு ஆகும் என்றாய். இப்படிப்பட்ட ஜாபை ஒருவர் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்வதற்கு டீவியேஷன் என்று பெயர். உன் மேலதிகாரியிடம் போய் வாதாடி, எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டாய். அன்றைக்கு டீக்கடையில் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை: "இது எங்க உடைஞ்சாலும் என் கையெழுத்தத்தான் தேடுவாங்க. ஞாபகம் வெச்சிக்கோ."

இந்த லட்சணத்தில், எதிர் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த, நான் மனசு வைத்திருந்த எஸ்தர் உன் தங்கை என்று தெரிந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அம்பத்தூர் முழுக்க எத்தனை அண்ணன்கள்! எனக்கு வாய்த்தது ஒரு இன்ஸ்பெக்டர்.

எங்கள் கல்யாணத்துக்கு ஊரே ஒத்துக்கொண்டது மச்சான், அதுதான் வயிற்றெரிச்சல். நசரத்பேட்டையில் எங்கள் வீட்டில் சாமி விஷயத்தில் யாருக்கும் பெரிய பிடிவாதம் கிடையாது. அப்பா சரி என்றுவிட்டார். உங்கள் அம்மாவோ, பையன் தண்ணீரில் முங்கி எழுந்து ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் போதும், மீதியை எஸ்தர் பார்த்துக்கொள்வாள் என்றார். பாஸ்டரும் தயார். நானும் தயார். எந்தக் குளத்தில் வேண்டுமானாலும் முங்குகிறேன் என்றேன். குறுக்கே நின்றது நீ ஒருவன்தான்.

"நம்பாம தண்ணில எறங்காத. அது முத்திரையத் திருடற வேல" என்றாய். "பொய்யா முட்டி போடறவன்கூட என் தங்கச்சி எப்டிடா குடுத்தனம் பண்ணுவா? நம்பறதுக்கு ஆதாரம் நான் தரேன். ஞாயித்துக்கெழம கள்ளிக்குப்பம் வா."

வந்தேன். உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் அந்தப் பெரிய சார்ட் தொங்கியது. பழைய டிராயிங் தாளின் பின்பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அச்சு மாதிரி கையெழுத்தில் நீ எழுதியது. இடப்பக்கம் தீர்க்கதரிசிகள் சொன்னது, வலப்பக்கம் இயேசுவிடம் அது நிறைவேறியது, இரண்டையும் இணைத்துச் சிவப்புக் கோடு. அதை வைத்துத்தான் சபையில் வாலிபர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாய். இத்தனை நூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னது இப்படிப் பொருந்துகிறது என்றால் அது மனுஷ வேலையா என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் அப்போதே தலையை ஆட்டியிருக்க வேண்டும். எஸ்தர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஆட்டு, ஆட்டு என்று கண்ணைக் காட்டினாள். என் வாய் சும்மா இருந்தால்தானே.

ராஜா கழுதை மேல் வருவார் என்று சகரியா எழுதியிருக்கிறார், இயேசு கழுதை மேல் வந்தார் என்றாய். நான் கேட்டேன்: "அவரும் சகரியாவப் படிச்சவர்தான? டிராயிங்க கைல வெச்சிகினு ஜாப் பண்ணா டிராயிங் மாதிரிதான் வரும். இதுல இன்னா அதிசயம் கீது?"

நீ எழுந்துபோய்ச் சார்ட்டைக் கிட்டத்தில் பார்த்தாய். டீ ஆறிப்போயிற்று. அடுத்த ஞாயிறு நான் வந்து பார்த்தபோது கழுதைக்கு நேரே சிவப்பில் R போட்டிருந்தது. அட மனுஷா, எதிர்த்துப் பேசி என்னை மடக்குவாய் என்றல்லவா நான் பேசினேன்!

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. நான் நசரத்பேட்டைக்காரன் ஆயிற்றே, என்னைப் பற்றியும் உங்கள் தீர்க்கதரிசிகள் எழுதியிருக்கிறார்களா என்று சும்மா கிண்டலுக்குக் கேட்டேன். நீ உடனே பழைய ஏற்பாடு முழுக்கத் தேட ஆரம்பித்தாய். இயேசு நசரேயன் எனப்படுவார் என்று தீர்க்கதரிசிகள் சொன்னதாக மத்தேயு எழுதுகிறாரே, அந்த வார்த்தை அங்கே எங்கேயும் இல்லை என்று நீயே வந்து சொன்னாய். R. எகிப்திலிருந்து என் மகனை அழைத்தேன் என்கிற ஓசியா வசனத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஓசியா பேசுவது ஏற்கெனவே நடந்து முடிந்ததைப் பற்றி, எகிப்திலிருந்து வந்த ஒரு ஜனத்தைப் பற்றி என்று முன்னும் பின்னும் படித்துவிட்டு அதையும் நீயே அடித்தாய். யார் உன்னைக் கேட்டார்கள்?

பெத்லகேமில் பிறப்பார் என்கிற வசனத்தை மட்டும் நீ லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கே பிறக்க வேண்டும் என்பது யார் கையிலாவது இருக்கிறதா, டிராயிங் பார்த்தா பிறப்பான் என்று கேட்டாய். நல்ல கேள்விதான். அங்கே பிறந்தார் என்று எழுதி வைத்தது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவரை ஏற்கெனவே நம்பியவர்கள். ஜாப் செய்த ஆபரேட்டரே அளவும் எடுத்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நீ ஏற்றுக்கொள்வாயா? ஏற்க மாட்டேன், ஆனால் அதற்காக அவன் பொய் சொல்கிறான் என்றும் எழுத மாட்டேன் என்றாய். அதோடு, அதற்காக உயிரையே கொடுத்தவர்கள் அவர்கள் என்றாய். உயிரைக் கொடுத்ததால் அவர்கள் நம்பினார்கள் என்பதுதான் தெரிகிறது, அளவு சரி என்று ஆகிவிடுமா என்றேன். அன்றைக்கு நீ மதியச் சாப்பாடே சாப்பிடவில்லை. அதற்கும் R விழுந்தது. உங்கள் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

எஸ்தருக்குத்தான் பொறுமை போய்விட்டது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்: "ஒனக்கு நான் வேணுமா, எங்கண்ணன ஜெயிக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு." நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் நான் ஜெயித்தேன், ஒவ்வொரு ஞாயிறும் கல்யாணம் ஒரு முழம் தள்ளிப் போனது. சார்ட் முழுக்க R விழுந்த அன்றைக்கு எனக்குப் பெண் கிடையாது. இந்தக் கணக்கு உனக்கும் தெரியும். தெரிந்தும் பென்சிலைக் கீழே வைக்காமல் இருந்தாயே, அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது?

அதனால் மறுநாளே உன்னை ஆவடி ஸ்டேஷன் வாசலில் பிடித்து, எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். நீ சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாய். எந்த வசனத்தைப் படித்து வந்தது என்று கேட்டாய். பதற்றத்தில் எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. கழுதை என்றேன்.

"நானே ரிஜெக்ட் பண்ணதுல நீ பாஸ் ஆயிட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாய். கேரியரில் தொங்கிய டிபன் டப்பா, நீ சிரித்த சிரிப்பில், தெருக்கோடி வரைக்கும் ஆடிக்கொண்டே போனது.

கடைசியில் சார்ட்டில் மிஞ்சியது ஏசாயாவின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரம். பிறருக்காக அடிபட்டு, வாயைத் திறக்காமல் சாகிற ஒருவரைப் பற்றியது. என்னிடம் ஒரே கேள்விதான் மிச்சம் இருந்தது. இந்த கேஜுக்குப் போகக் கூடாத முனை எங்கே இருக்கிறது? யாருக்கு இது பொருந்தாது என்று காட்டு என்றேன். எல்லோருக்கும் உள்ளே போகிற கேஜ் கேஜே இல்லை, அது உனக்குத் தெரியாததா? நீ வாரக்கணக்கில் உட்கார்ந்தாய். ராஜாக்களை வைத்துப் பார்த்தாய், தீர்க்கதரிசிகளை வைத்துப் பார்த்தாய், சேரவில்லை. நாடு கடத்தப்பட்டு அடி வாங்கிய, ஓசியா சொன்ன அந்த ஜனத்தையே வைத்துப் பார்த்தபோது சேர்ந்தது. அதை என்னிடம் மறைக்காமல் சொன்னாய்.

அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சார்ட்டுக்கு எதிரே நின்றாய். "எழுதுனவன் யார நெனச்சி எழுதுனான்னு எனக்குத் தெர்லடா. படிக்கும்போது எனக்கு அவர் மொகந்தான் தெரியுது. அது ஆதாரம் இல்ல. உன்கிட்ட அத ஆதாரம்னு சொல்ல மாட்டேன். ஆனா என்னால அடிக்கவும் முடில" என்றாய். R போடவில்லை, முத்திரையும் குத்தவில்லை. H என்று எழுதினாய். தள்ளவும் இல்லை, ஏற்கவும் இல்லை, ஹோல்ட், ஓரமாக இருக்கட்டும் என்று அர்த்தம்.

சரி, கதை முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன். எஸ்தர் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். நீ வாசலுக்கு வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி, அந்தப் புஷ்ஷைப் பார்த்த மாதிரியே மேலும் கீழும் பார்த்தாய்.

"டிராயிங்குக்குச் சேரல. ஆனா வேலைக்கு ஆவுவ" என்றாய். "டீவியேஷன்ல உடறேன். கையெழுத்து என்து."

பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து நீதான் போட்டாய். உங்கள் அம்மா கடைசி வரைக்கும் உள்ளே வராமல் வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். சபையில் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாலிபர் வகுப்புக்கு மட்டும் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எஸ்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஞாயிறு தவறாமல் போய் வந்தாய்.

எனக்கு அதுதான் ஆறவே இல்லை. ஆதாரம் என்று வைத்திருந்ததையெல்லாம் உன் கையாலேயே அடித்துப் போட்ட பிறகும் உன் நம்பிக்கை இம்மிகூட அசையவில்லையே, அது எப்படி என்று பொறுக்காமல் கேட்டேன். நீ வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாய்: "சார்ட்டப் பாத்து நான் நம்புலடா. நம்புனதுக்கு அப்புறந்தான் சார்ட் போட்டேன்."

அப்படியானால் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என் பிராணனை எதற்கு வாங்கினாய் என்று கத்தினேன். நீ ஆதாரம் இருந்தால்தானே நம்புவாய், என்னிடம் இருந்தது அதுதான், நல்லபடியாக அளந்து கொடுக்க வேண்டாமா என்றாய். உன்னோடு மனுஷன் பேசுவானா?

போன வருஷம் நீ கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், ஏசாயாவை எடுத்துப் படி என்று சொன்னாய். சபைக்காரர்கள் வெளியே அத்தனை பேர் நிற்க, என்னை ஏன் படிக்கச் சொன்னாய் என்று தெரியவில்லை. படித்தேன். நடுவில் ஒரு வரியைத் தாண்ட முடியாமல் நின்று, இருமுவது போலச் சமாளித்தேன். நீ கண்ணைத் திறக்காமல், "இன்னா, ஹோல்டா?" என்று கேட்டாய். ஹோல்டுதான் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாய். அதற்கப்புறம் நாம் சண்டை போடவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மஞ்சள் தாளில் சிவப்புப் பென்சிலால் R போட ஆரம்பித்தேன். காகிதத்தோடு என்ன சண்டை என்று எஸ்தர் கேட்டாள். கழுதை, எகிப்து, எல்லாம் போயிற்று. அடியில் பொடி எழுத்தில் ஏசாயா இருந்தது. அங்கே H போட்டுவிட்டு மடித்து வைத்தேன். எஸ்தர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் பிள்ளையையும் சபை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். உள்ளே போய்ப் பொய்யாக முட்டி போட்டதில்லை. வீட்டில் எனக்கும் அவளுக்கும் வார்த்தை தடிக்கும்போதெல்லாம், எங்கே உடைந்தாலும் உன் கையெழுத்தைத்தான் தேடுவார்கள் என்று நீ சொன்னது ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. வாயை மூடிக்கொள்கிறேன். ஆள்தான் போய்விட்டானே, இனி உடைந்தால் யார் வந்து யாரைக் கேட்கப் போகிறார்கள் என்றும் ஒருநாள் ஆத்திரத்தில் நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை மச்சான். கீழே உன் பெயர் இருக்கிறது. உடையாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.