அறுபது நிமிட கேசட்

3-3-1982, புதன்
கல்லூரிக்கு விடுப்பு. தங்கை ரத்தினம்மாளோடு திருச்சி போய் வந்தேன். அவளுக்குத் தொண்டையில் புற்று, குரல்வளையையே எடுக்க வேண்டுமாம். பதினாறாம் தேதி ஆபரேஷன். "உயிருக்குப் பயமில்ல. பேச்சு வராது" என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. பேசக்கூடியவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஏன் சொல்லவில்லை?

6-3, சனி
லப்பைக்குடிக்காட்டில் துபாய்ச் சரக்கு விற்கும் கடையில் டேப்ரெக்கார்டர் வாங்கினேன், தனி மைக்கோடு. அறுபது நிமிட வெற்று கேசட் ஒன்றுதான் இருந்தது. "பாட்டு கேக்கவா டீச்சரம்மா, பாடவா?" என்றார் கடைக்கார பாய். ரத்தினம் தானே கட்டிப் பாடும் பாட்டுகள் பதினொன்று. எதுவும் எழுத்தில் இல்லை.

7-3, ஞாயிறு
முதல் பாட்டைப் பதிந்து போட்டுக் கேட்டால் ஃபேன் சத்தம் ரைஸ்மில் மாதிரி. எங்கோ பின்னால் அவள் குரல். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டேன். எதிரொலி போயிற்று. தெருவில் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் சத்தத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. "ஆபரேசனுக்கு முன்னாடி நீயே என்னை அவிச்சுப்புடுவ போலருக்கே அக்கா" என்றாள்.

9-3, செவ்வாய்
காலையில் ஒரு மணி நேரம்தான் குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. மூன்றாவது பாட்டின் நடுவே, சமையலறையில் இருந்த தன் மகள் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டாள்: "வைரோ, பால் பொங்குது பாரு." பாட்டு கெட்டது. பின்னால் ஓட்டி, அதன் மேலேயே மறுபடி பதிந்தேன். அடுத்த பாட்டில் ஏதோ ஞாபகம் வந்து சிரித்துப் பேசினாள். அதையும் அழித்தேன்.
"பேசுனா என்னக்கா?"
கேசட்டில் இடமில்லை என்றேன். இடம் இருந்தது. பாட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

12-3, வெள்ளி
மறுபடி லாரி சத்தம். ஒரே பாட்டை நான்கு தடவை பாட வைத்தேன். ஐந்தாவது தடவை இருமலில் ரத்தம் வந்தது. நான் முதலில் எழுந்து போய் டேப்பை நிறுத்தினேன் — அதற்குப் பிறகுதான் அவளிடம் போனேன். என்ன மனுஷி நான்?

14-3, ஞாயிறு
ஒன்பது பாட்டு ஆயிற்று. போதும் என்று கையால் காட்டினாள்.

16-3, செவ்வாய்
முடிந்தது. பிழைத்துக்கொள்வாள்.

11-4, ஞாயிறு
ரத்தினத்தை அரியலூர் வீட்டுக்கு அழைத்து வந்து மூன்று நாள் ஆகிறது. கழுத்தில் துளை, அதன் மேல் ஈரத்துணி. பேச வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள்.

இன்று வைரக்கண்ணு கேசட்டின் இரண்டு பக்கத்தையும் கேட்டாள். பாட்டுகள் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. ரேடியோவில் போடலாம். கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. வெறும் நாடா ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேசட் தானாக நின்றதும் என்னிடம் திரும்பினாள்.

"அம்மா நடுவுல என்னைக் கூப்பிட்டாங்களே பெரியம்மா, அது எங்க? பாட்டு எனக்கே பாடத் தெரியும். அவங்க என்னைக் கூப்பிடுறதுதான் வேணும்."

"அப்ப மெஷின் ஓடலம்மா" என்றேன்.

கட்டிலில் இருந்த ரத்தினம் என்னையே பார்த்தாள். சிலேட்டை எடுத்து மடியில் வைத்து ஏதோ எழுதினாள். இரண்டு எழுத்து இருக்கும். மகள் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.