ரொம்ப சுலபம்

ஜூன் 18
கைபேசியைப் பார்த்துப் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. எழுத்து வாசனையே இல்லாத எனக்கு நாட்குறிப்பு! கொச்சையாகப் பேசினால் தாறுமாறாக எழுதுகிறதாம். அதனால் வானொலியில் செய்தி வாசிப்பவர் போலப் பேசுகிறேன். மாப்பிள்ளை சிரிக்கிறார். "மாமா, அப்படியே வானிலையும் சொல்லிடுங்க."

மாலையில் மகள் எனக்கு எழுத்துச் சொல்லித்தருகிறாள். டீச்சர் அல்லவா! பள்ளியில் எல்லோரிடமும் பெருமை: "எங்க அப்பா இப்பப் படிக்கிறாரு." படிக்கிறேனா? ஒரு மண்ணும் ஏறவில்லை. இரண்டு சுழி, மூன்று சுழி, வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே எதைப் போடுவது? தலையை ஆட்டிவிடுகிறேன்.

ஜூன் 26
பள்ளியில் புது ஏற்பாடு. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பில் தனக்குப் பிடிபடாத ஒன்றை எடுத்துக்கொண்டு, தானே ஆராய்ந்து, மாற்றிச் செய்து பார்த்து, மற்றவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். மகள் எடுத்த கேள்வி: புரியாத பிள்ளைகள் ஏன் வாயே திறப்பதில்லை?

"சோம்பேறிங்கப்பா. நிரூபிச்சே காட்டுறேன் பாருங்க."

தன் கணக்குப் பாடத்தைக் கைபேசியில் பதிவு செய்கிறாள்.

ஜூலை 2
என்ன இது!

பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். ஒரு பையன் குரல்: "டீச்சர், அது வந்து—" உடனே இவள் குரல், தேனாக: "இது ரொம்ப சுலபம்டா கண்ணா, கவனி." அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்து ஒரு பெண் குழந்தை ஏதோ கேட்க வாயெடுத்தது. மறுபடியும் "ரொம்ப சுலபம்மா." மறுபடியும் நிசப்தம்.

"கேட்டீங்களா, எப்படிக் கப்சிப்னு ஆகுதுங்க!" என்றாள் மகள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாலை எழுத்துப் பாடத்தில் என் வாயை அடைத்ததும் அதே சொல்தானே! சுலபமானதே வராதவன் எந்த முகத்தோடு சந்தேகம் கேட்பான்? திட்டியிருந்தால்கூடக் கேட்டிருப்பேன்.

சொல்லலாமா? சொன்னால் என் குட்டு வெளிப்படும். அவள் பெருமை என்ன ஆவது? சொல்லாவிட்டால், பிள்ளைகள் சோம்பேறிகள் என்று கூட்டத்தில் முடிவு கட்டிவிடுவாளே.

ஜூலை 3
சொல்லிவிட்டேன்.

"அப்ப இத்தனை நாளும் தலையாட்டினது?"

"தலையாட்டி பொம்மைதான்மா."

முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அது ஆசையா சொல்ற வார்த்தைப்பா!"

"ஆசையா சொன்னதாலதான்மா கேக்க முடியல."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 5
இன்னும் பேச்சு இல்லை. மாப்பிள்ளைக்குத் தபால்காரர் வேலை. "மாமா, டீ வேணுமான்னு கேக்கச் சொல்றா." வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். வந்தது.

ஜூலை 9
பள்ளியிலிருந்து வந்தவள் தோள்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தாள்.

"அந்த வார்த்தைய விட்டுட்டேன்ப்பா. 'இது கஷ்டம்தான், எனக்கே சின்ன வயசுல வரல'ன்னு சொன்னேன். அவ்வளவுதான், அணை உடைஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

கடன் வாங்கிக் கழித்தல் பாடம். ஒரு சிறுமி கேட்டாளாம்: "பக்கத்து நம்பர்கிட்ட கடன் வாங்குறோமே, எப்ப டீச்சர் திருப்பிக் குடுப்போம்?" வகுப்பு முழுவதும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது! ஒரு பையன், திருப்பித் தராத கடன் பாவம் என்று வாங்கவே இல்லை. மேலேயோ கீழேயோ, எது பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழித்துத் தள்ளியிருக்கிறான். போன வருடத்திலிருந்து!

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சோம்பேறின்னு சொன்னேனேப்பா—"

ஐயோ. இன்னும் எத்தனை பிள்ளைகள் இப்படித் தலையாட்டிக்கொண்டே வெளியே போயிருப்பார்கள்?

ஜூலை 21
இன்று ஆசிரியர்கள் கூட்டம். பழைய பதிவு, அந்த வார்த்தையை விட்ட பிறகு எடுத்த பதிவு, இரண்டையும் போட்டுக் காட்டினாளாம். தன் குரலையே! கடைசியில் அறிவியல் ஆசிரியர், முரட்டு ஆள், முனகினாராம்: "நான் 'எத்தனை தடவை சொல்றது'ன்னு கத்துவேன்... அதையும் பதிஞ்சு பாக்கணுமோ?"

தலைமையாசிரியர் மட்டும், "இப்படிப் போனா பாடம் முடியாதே" என்றாராம்.

"இத்தனை வருஷம் முடிச்சோமே சார், யாருக்கு முடிஞ்சுது?"

இவள் கேட்டாளாம். என் பெண்ணா!

ஆகஸ்ட் 4
ஙௌ என்று ஓர் எழுத்து இருக்கிறது. எந்தச் சொல்லில் வரும் என்று கேட்டேன். மாப்பிள்ளை முழித்தார். மகள் முழித்தாள்.

"தெரியலப்பா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளை பள்ளியில் கேட்டுக்கொண்டு வருகிறாளாம்.