கூச்சம் என்று நினைத்தேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சுகம். அக்கா, அம்மாவுக்கு எதையும் விடாமல் படித்துக் காட்டு.

மனநலப் பிரிவில் வேலை பழகிவிட்டது. இங்கே இரத்தத்தைச் சோதித்து நோயைச் சொல்ல முடியாது. பேச்சைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். தலை நிமிரவே இல்லை. எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்தான் பதில். கண்ணாடியில் என்னையே பார்ப்பது போல இருந்தது. வெளியே காத்திருந்த அவள் தாயை அழைத்து, "பயப்படாதீங்க, கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான்," என்றேன்.

"கூச்சமா? இவளுக்கா? நல்லாச் சொன்னீங்க டாக்டரம்மா! வாயத் தொறந்தா மூட மாட்டா. தெருவே ரேடியோன்னுதான் கூப்பிடும். இப்பதான் ரெண்டு மாசமா இப்படி," என்று அந்த அம்மா அழுதுவிட்டார்.

அவளை மறுபடி உட்காரவைத்துப் பேசினேன். சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு இருந்திருக்கிறாள். வார்டில் சேர்த்துவிட்டோம். கவலைப்படாதே, நேற்றிலிருந்து சாப்பிடுகிறாள்.

குளிர் அதிகம், என் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. இன்னொன்று. இங்கே இருப்பவர்களுக்கு நான் முன்பு எப்படி இருந்தேன் என்று தெரியாது. நான் பேசாமல் போனாலும், இவள் சுபாவமே இதுதான் என்று விட்டுவிடுவார்கள். அதனால் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதும் அப்பாவிடம் கொடுத்துவிடாதே. என் குரலைக் கொஞ்ச நேரம் கேள். மாறியிருந்தால் சொல்.

வார்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் சின்னவள்