தனக்கோடியின் காலும் என் ஒரு வரியும்

மரக்காணம்
12.6.2005

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், பெங்களூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று பிரம்மதேசத்து ஈஸ்வரனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் டீக்கடையில் அவர் என்ன குடிக்கிறார் என்று யார் போய்ப் பார்ப்பது. நான் டீச்சராக இருக்கிற பால்வாடிக்குப் புது ஆயம்மா போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு முன்னால் அவளே தூங்கிவிடுகிறாள். போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் மழை அடித்து, உப்பளத்தில் பாத்தி பாத்தியாக இருந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது, ஆட்கள் எல்லாம் வேலையில்லாமல் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அதனால்தான் எதிர்வீட்டுத் தனக்கோடி இன்று பகலில் நம் வீட்டுக்கு வந்தாள், கையில் ஒரு பேப்பர். சுனாமிக்குப் பிறகு இங்கே வந்த தொண்டு நிறுவனத்தில் மாதப் பத்திரிகை போடும் ஆரோக்கியசெல்வி மேடம் கம்ப்யூட்டரில் உன் ஆபீஸ் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாராம். பாத வெடிப்புக்கு எளிய வைத்தியம் என்று தலைப்பு, கீழே உன் பெயர். உன் பெயரைப் பார்த்ததும் எனக்கு மனசு பூரித்துப்போய்விட்டது, பொய் சொல்வானேன். இரண்டாவது பாராவிலேயே அது வடிந்துவிட்டது. மார்ச் மாதம் அந்தப் பத்திரிகையில் தனக்கோடி பெயரில் வந்ததே, உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் கால் என்ன ஆனது என்று, அதே கட்டுரைதான். அந்தப் பத்திரிகையை உனக்குத் தபாலில் அனுப்பிய புண்ணியவதி நான். வெளியே வந்ததை எடுத்து வரிக்கு மூன்று வார்த்தை மாத்தி எழுதினால் அது நம்மளுது ஆயிடும்மா என்று நீ போனில் சொன்னபோது ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன். அது எதிர்வீடு வரைக்கும் வரும் என்று எனக்கென்ன தெரியும்.

எனக்கு முதலில் எதில் கோபம் வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். அதே பத்திரிகைக்கு நான் ஒன்பது தடவை எழுதி அனுப்பியிருக்கிறேன், பால்வாடிக் கூரை ஒழுகுவதை, அனுமந்தைப் பக்கம் குடிக்கிற தண்ணீரே கரிப்பதை, எல்லாம். ஒன்றையும் போடவில்லை. பிளஸ் டூ படித்த நான் எழுதினது போன இடம் தெரியவில்லை, அஞ்சாம் கிளாஸ் படித்தவள் வாயால் சொன்னது அச்சில் வந்துவிட்டது. அவளைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது நிலா, பெற்ற மகளிடம் சொல்வதற்கென்ன. அந்த ஒன்பதின் நகலும் நீ பெங்களூருக்குக் கொண்டுபோன பச்சை நோட்டில்தான் இருக்கிறது. எடுப்பது என்று ஆன பிறகு பெற்றவளுடையதை எடுக்கக்கூடாதா, அதில் ஒன்றுகூட உனக்கு எடுக்கத் தோன்றவில்லையா?

தனக்கோடி அதையெல்லாம் கேட்கவில்லை. நம்ம நிலா எழுதினா என்னக்கா, ஆனா வேப்பெண்ணெயும் மஞ்சளும் பத்து வருஷமா போட்டும் வெடிப்பு போவலன்னு தானே நான் சொன்னேன், இதுல பத்து நாள்ல போயிடும்னு போட்டிருக்குதே, யாராச்சும் நம்பி மருந்து வாங்காம இருந்துட்டா என்றாள். மாற்றி எழுது என்று உன் ஆபீசில் சொன்னால் வார்த்தையைத்தானே மாற்றவேண்டும், அவள் பட்டதையுமா தலைகீழாக மாற்றுவது? ஒரு நாளைக்கு ஆறு கட்டுரை முடிக்கவேண்டும், யோசிக்க ஏது நேரம் என்பாய். நேரம் இல்லாமல் நீ எழுதினதை, வலி பொறுக்காமல் எவளோ ஒருத்தி நிதானமாகப் படிப்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. தனக்கோடி சொல்லச் சொல்ல அந்தக் கட்டுரையை உட்கார்ந்து எழுதிக்கொடுத்தது நான்தான். முழுக்க அவள் பேச்சு, ஒரு வரி தவிர. வெள்ளைப் பாத்தியில் நான் நடந்த தடம் மட்டும் சிவப்பாக இருக்கும் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன், அவளுக்குப் படித்துக்காட்டும்போது அதை விட்டுவிட்டேன். வந்தவர் போனவர் எல்லாம் அந்த வரியைத்தான் புகழ்ந்தார்கள், அவளிடம். அம்மா கை தெரிகிறதா பார் என்றுதான் உனக்கு அதை அனுப்பினேன், வாய்விட்டுக் கேட்க வெட்கம். நீ எல்லா வரியையும் மாற்றி அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறாய். அதைப் பார்த்து ஒரு நிமிஷம் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, திருட்டு என்பதே மறந்துவிட்டது.

போகும்போது வாசலில் நின்று தனக்கோடி சொன்னாள். பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு மெட்ராஸிலிருந்து டாக்டர்கள் வந்தார்களாம், காலைக் காட்டச் சொன்னார்களாம். அவள் கால் வெளுத்துத் தடித்துப் பாளம் பாளமாக இருக்கிறது, ஊசி குத்தினாலும் தெரியாது, ரத்தம் வருகிற கால் இல்லை அது. ரத்தம் எங்கேம்மா, கூட்டிச் சொல்லியிருக்கே என்று கேட்டுவிட்டு, அடுத்தவர் காலைப் பார்க்கப் போய்விட்டார்களாம். அந்த வரி நீ எழுதினதுன்னு நான் சொல்லலக்கா, டீச்சரைத் தப்பா நெனைப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன் என்றாள். மூன்று மாதமாக அவளைப் பார்த்து நான் வயிறெரிந்துகொண்டிருந்தேன், அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஆரோக்கியசெல்வி மேடத்திடம் போய் நானே உள்ளதைச் சொல்லிவிடப்போகிறேன்.

உன் ஆபீசில் என்ன சொன்னாலும் சரி, அந்தக் கட்டுரையில் போகவில்லை என்று அவள் சொன்னதைப் போகவில்லை என்றே போடு. சொன்னது தனக்கோடி, மரக்காணம் உப்பளம் என்று கீழே போடு. முடியாது என்றால் கட்டுரையையே எடுக்கச் சொல். அந்தச் சிவப்புத் தடம் வரியை எப்படியும் எடுத்துவிடு. நான் எழுதி அச்சில் வந்தது அது ஒன்றுதான், ஆனாலும் எடுத்துவிடு.

அம்மாவும் அப்பாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம், நோய் நொடி இல்லாமல் நல்ல பேரோடு இரு. தலைக்கு எண்ணெய் வை. மாற்றிவிட்டேன் என்று சனிக்கிழமைக்குள் தனக்கோடிக்கே ஒரு கார்டு போடு, எனக்கு வேண்டாம்.

உன் அம்மா,
கா. வசந்தா