இரண்டே வாஃபிளுக்கான மாவு

காவாந்தண்டலம்
14-10-1984

அன்பு மகள் ஞானசுந்தரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி முத்துகிருஷ்ணன் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய், அதை நான் பாதிதான் நம்புகிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுவார். இந்தத் தடவை அவருக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த வாலாஜாபாத் வேதகிரியிடம் நீ கொடுத்தனுப்பிய வாஃபிள் சுடும் மெஷினும் செய்முறைத் தாளும் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. அங்கே மாப்பிள்ளையோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர் ஆயிற்றே என்று, எங்கள் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்லா கீறாரும்மா, வேலை ஜாஸ்தி என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மெஷினைப் பார்த்துச் சொன்னார். காபி கலந்து எடுத்து வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், பஸ் போயிடும் என்கிறார். அந்த நேரத்தில் நம் ஊருக்கு எந்த பஸ்ஸும் கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

மெஷினை நான் உடனே தொடவில்லை. மிக்சியையே ஆறு மாதம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவள் நான். கரண்ட் வேலை பார்க்கும் சடையப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அடியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இது நம்ம கரண்ட்டுல பாதிக்குச் செஞ்சதும்மா, சும்மா சொருகினா புகைஞ்சுடும், காலையில மோட்டாரெல்லாம் ஓடிக்கினு கீற நேரத்துல போடு, அப்போ நம்ம வூட்டுக்குப் பாதிதான் வருது என்றான். அவன் பேச்சையும் அப்படியே நம்பாமல் தம்பியை வயல் பக்கம் அனுப்பி எத்தனை மோட்டார் ஓடுகிறது என்று பார்த்துவரச் சொன்னேன். எல்லாம் ஓடுது என்று வந்து சொன்னான், கூடத்து பல்பும் சிவந்துபோய் அழுது வடிந்தது, அதற்குப் பிறகுதான் சொருகினேன். நல்லபடியாகச் சூடேறியது.

நீ எழுதியபடியே அரை டம்ளர் மைதா, ஒரு முட்டை, கொஞ்சம் பால், ஒரு கரண்டி வெண்ணெய், சோடா மாவு எல்லாம் போட்டுக் கரைத்தேன். ஆப்பிள் போடச் சொல்லியிருக்கிறாய், ஆப்பிள் நம் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு வாங்கிக்கொண்டு போவது, அதனால் வாழைப்பழத்தை மசித்துப் போட்டேன். பட்டையைக் கறிக்குழம்பில் போடாமல் பலகாரத்தில் போடச் சொல்கிறாளே, இது விளங்குமா என்று நினைத்துக்கொண்டேதான் இடித்துப் போட்டேன். வாசம் தெருக்கோடி வரைக்கும் போனது, பொய் சொல்லக் கூடாது. மாட்டுக்கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்த பாஞ்சாலி துடைப்பத்தோடு வந்து நின்று, இன்னாம்மா இது, ஜன்னல் மாதிரி கட்டம் கட்டமா கீது என்றாள். ஒரு துண்டு பிட்டுக் கொடுத்தேன். நல்லாத்தான் கீது, புள்ளிங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போவட்டா என்று கேட்டாள். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. மாவு மொத்தமே இரண்டுக்குத்தான் வந்தது, ஒன்றை அப்பா தின்றார், இன்னொன்றை நானும் தம்பியும் பாஞ்சாலியும் பிய்த்துக்கொண்டோம்.

அப்பா, அந்த ஊர்ல கம்மியாத்தான் துன்னுவாங்கோ, இதுக்கு இன்னா இப்போ என்றார். எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை ஞானம். தாளை எடுத்து மறுபடி படித்தேன். தினமும் காலை நாஷ்டாவுக்கு நான் செய்கிற அளவு என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை உட்கார்ந்தால் எட்டு இட்லிக்குக் குறைந்து எழுந்தவரில்லை. அதிலும் முட்டை. தலை தீபாவளிக்கு வந்தபோது தம்பி அடுப்படியில் முட்டை பொரித்த வாசத்துக்கே பாதி இலையில் எழுந்துபோன மனுஷன் அவர், காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்தேன். அவர் இருக்கிற வீட்டில் தினமும் முட்டை உடைக்க முடியுமா? நம் வீட்டில் ஒரு ஆளுக்கென்று அளந்து யாரும் மாவு கரைத்ததில்லை, திடீரென்று வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கரைப்போம். நீயும் அப்படித்தான், பத்து வயதில் உப்புமா கிண்டச் சொன்னால் தெருவுக்கே கிண்டி வைப்பாய். அந்தக் கை அரை டம்ளர் அளக்கப் பழகியிருக்கிறது. எத்தனை மாதமாக அளக்கிறாய்? உன் கடிதத்தின் கீழே மாப்பிள்ளை எழுதுகிற இரண்டு வரி சித்திரைக்குப் பிறகு வரவே இல்லை, வேலை மும்முரம் என்று நானும் ஏமாந்து இருந்துவிட்டேன்.

இதை அப்பாவிடம் சொன்னதற்கு, பால்காரன்ல ஆரம்பிச்சு அமெரிக்கா வரிக்கும் உனுக்கு சந்தேகம்தான், சும்மா பேஜார் பண்ணாதே என்று கத்தினார். கத்தினவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பால்காரன் விஷயத்தில் நான் தண்ணீர் கலக்கிறான் என்று சொன்னது தப்பாகத்தான் போயிற்று, எருமைக்குத் தீனி மாறியிருந்தது. இதுவும் அப்படித் தப்பாகப் போகட்டும் என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். ஆனால் மனதில் இருப்பதை மறைக்க எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை உன்னோடு இல்லை, நீ தனியாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

அவர் இருந்தால் அவர் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல், கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். இல்லையென்றால் நீ ஒன்றும் எழுத வேண்டாம். என்ன நடந்தது, யார் மேல் தப்பு, எதுவும் எழுத வேண்டாம். கவர் மேல் நம் வீட்டு விலாசத்தை மட்டும் எழுதி, உள்ளே ஒன்றும் வைக்காமல் ஒட்டிப் போடு, நான் புரிந்துகொள்வேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது, ஊர் வாயை எப்படி அடைப்பது என்பதெல்லாம் என் பாடு. நீ கிளம்பி வந்துவிடு.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒருத்திதானே என்று சமைக்காமல் படுத்துவிடாதே. இந்த இடத்தில் உங்கள் இருவருக்கும் ஆசீர்வாதம் என்று எழுதித்தான் முடிப்பது வழக்கம். அவர் பெயரை எழுதப் போய்க் கை நின்றுவிட்டது. இந்தத் தடவை உனக்கு மட்டும் எழுதுகிறேன், கண்ணு, நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
வே. ஆண்டாளம்மாள்