நான்காவது சேனலில் ஒரு டிக்

மார்ச் 4, செவ்வாய்

உலைக்காரர் இன்றும் மாடியேறி வந்தார். "மேடம், நாலாம் உலை. திரை எண்ணூத்தம்பதுங்குது. உள்ள நிறம் அதுக்கு மேல இருக்கு."

"கண்ணுக்கு டிகிரி தெரியாதுங்க."

"இருபத்திரண்டு வருஷமா தெரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு மேடம். ஜனவரியில நீங்க புது மீட்டர் பெட்டி மாட்டினப்புறம் மறந்துபோச்சு போல." சிரித்துக்கொண்டே போனார். நான் தட்டச்சை நிறுத்தவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

நாலாம் உலையில் பதப்படுத்த வைத்த பற்சக்கரங்கள் இரண்டாவது முறையாக விரிசல் விட்டுவிட்டன. ஒரு லோடு முழுக்க. சீக்கிரம் முடிக்க உலைக்காரர் சூட்டை ஏற்றிவிட்டார் என்கிறார் மேனேஜர். அவரைக் கோடவுனுக்கு மாற்றியாயிற்று. பதினேழாம் தேதி விசாரணை.

"உங்க மீட்டர் சரிதானே?" என்று என்னையும் கேட்டார்.

"அஞ்சு உலைக்கும் உள்ள அஞ்சு சேனலும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கையெழுத்துப் போட்டது உண்மை.

மார்ச் 9, ஞாயிறு

பராமரிப்புக்காக மூன்று நாளாக எல்லா உலைகளும் அணைந்து கிடக்கின்றன. நான் மட்டும் போயிருந்தேன். திரையில் 31, 32, 31, 0, 31.

பூஜ்ஜியம். இந்த வெயிலில்.

நின்றபடியே புரிந்துவிட்டது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி உலைக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லும். பெட்டியின் சூட்டையும் அதோடு கூட்டச் சொல்லி ஒவ்வொரு சேனலிலும் ஒரு டிக் இருக்கவேண்டும். சோதனைக் கருவியை இணைக்கும்போது அதை எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் போடவேண்டும். ஜனவரியில் நான்காவதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஹாஸ்டலிலிருந்து மகள் கூப்பிட்டாள். பேசி முடித்தேன், ஐந்தாவதுக்குப் போனேன். அவ்வளவுதான். இரண்டு மாதமாக நாலாம் உலை திரை சொன்னதைவிட முப்பது நாற்பது டிகிரி கூடவே எரிந்திருக்கிறது. உலைக்காரர் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

டிக் போட்டேன். 0 போய் 31 வந்தது. அப்புறம் திரும்பிப் பார்த்தேன், யாராவது இருக்கிறார்களா என்று. டிக் போட்டதைவிட அந்தத் திரும்பிப் பார்த்ததுதான் இப்போது உறுத்துகிறது.

மார்ச் 10, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

நாலாம் உலையில் புது ஆள். மூன்று லோடும் பிசிறில்லாமல் வந்திருக்கின்றன. மேனேஜருக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா? ஆள் மாறினதும் உலையும் திருந்திடுச்சு."

சிரித்துவைத்தேன்.

ஏன் சிரிச்சேன்? நான் சத்தமில்லாம சரிபண்ணினதே உலைக்காரருக்கு எதிரான சாட்சியா ஆயிடுச்சு. திங்கட்கிழமை அவர வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தப்பை மறைச்சதோட நிக்கல நான் — அவர் தலைமேல தூக்கி வச்சிருக்கேன்.

மார்ச் 15, சனி

கணவரிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"மனுஷன் சொன்னா நம்ப மாட்ட, மெஷின் சொன்னாத்தான் நம்புவ. இப்ப மெஷினே சொல்லிடுச்சு. இன்னும் என்ன?"

பயம் என்று சொல்ல இந்த வயதில் கூச்சமாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

விசாரணை தொடங்குமுன், எல்லாரையும் நாலாம் உலைத் திரைக்கு முன்னால் வரச் சொன்னேன். திரை 850 காட்டியது. ஹீட்டரை நிறுத்தி, டிக்கை எடுத்தேன். 814.

"ஜனவரியிலிருந்து இப்படித்தான் இருந்தது. சோதனைக்கு நடுவுல ஒரு போன் பேசினேன், டிக்கைத் திரும்பப் போட மறந்தது நான்."

மேனேஜர் மெதுவாக, "வேலைக்கு நடுவுல போன் வந்துச்சுன்னு எழுதிக்கலாமா மேடம்?" என்றார். நல்ல எண்ணத்தில்தான்.

"வேண்டாம். மறந்துட்டாங்கன்னே எழுதுங்க."

உலைக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "எப்பத் தெரிஞ்சுது மேடம்?"

"ஒன்பதாம் தேதி, ஞாயித்துக்கிழமை."

விரல்விட்டு நாள் எண்ணினார். எட்டு. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 19, புதன்

அவர் உலைக்குத் திரும்பிவிட்டார். ஆறு மாதத்துக்குச் சோதனைப் படிவத்தில் என் கையெழுத்து மட்டும் போதாதாம். உலையில் நிற்பவரும் போடவேண்டும். சரியான முடிவுதான்.

மார்ச் 26, புதன்

நாலாம் உலைக்குக் கம்பி மாற்றினோம். சேனலைச் சோதித்து, டிக் போட்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். உலை சூடேறி 850க்கு வந்திருந்தது. உலைக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார், கையெழுத்துப் போடவில்லை. பார்வைத் துவாரத்தின் மூடியை விலக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து நின்றார்.

"நீங்களும் பாருங்க."

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஒரே ஆரஞ்சு. கூடவா குறைவா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு மேடம்?"

"தெரியலைங்க. நீங்கதான் சொல்லணும்."

"சரியா இருக்கு," என்றார். கையெழுத்துப் போட்டார்.