சின்னதே போதுங்க

அன்னூர்,
8.2.1998

அன்புத் தங்கை பத்மாவதிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அங்கே மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே? அப்பா போன பிறகு ஒரு வரிகூட நீ எழுதவில்லையே அம்மணி. போன் போட்டாலும் உன் மாமியார்தான் எடுக்கிறார். குட்டிக்குக் காது குத்துவது எப்போது? தோடு செய்யக் கொடுத்துவிட்டேன். மாமன் மடி காத்திருக்கிறது.

பிரியமுள்ள அண்ணன்,
நஞ்சுண்டன்

மேட்டுப்பாளையம்,
17.2.1998

அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு என்னிடம் கல் ஆபரேஷன் என்றுதானே சொன்னீர்கள்? புற்று வந்த மூத்திரப்பையோடு பக்கத்து நெறிக்கட்டிகளை மட்டும் எடுப்பது ஒரு வழி, மேலே பெரிய ரத்தக்குழாய் பிரியும் இடம்வரை போய் எடுப்பது இன்னொரு வழி என்றாராம். பெரியதென்றால் எழுந்து நடமாட நாளாகும் என்றதும், "ஆவணியில தங்கச்சி கல்யாணங்க, சின்னதே போதுங்க" என்றீர்களாம். விட்ட இடத்தில்தான் நோய் திரும்பியிருக்கிறது. முகூர்த்தத்தைத் தள்ளி வைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பத்மாவதி

அன்னூர்,
24.2.1998

அம்மணி,

தள்ளி வைத்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்டிருப்பார்கள். காரணம் தெரிந்தால் உன்னைக் கட்டியிருப்பார்களா? பெரியதைச் செய்தால் கட்டாயம் பிழைப்பார் என்று அந்த டாக்டரும் சொல்லவில்லை, கேட்டுப் பார். அப்பாவே என் கையைப் பிடித்து, "புத்துநோயின்னு தெரியும் சாமி. புள்ளைக்குத் தாரை வாத்துக் குடுத்துபோட்டாப் போதும்" என்றார். அவர் சொல்லைத்தான் கேட்டேன். தோட்டை அந்தப் பக்கம் வரும் நம்மூர்க் காளிச்சாமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காதுகுத்துக்கு நாள் சொல் கண்ணு.

நஞ்சுண்டன்

மேட்டுப்பாளையம்,
9.3.1998

அண்ணாவுக்கு,

கேட்டேன். பெரியதைச் செய்திருந்தாலும் உறுதியில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அதோடு விட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன். ஆனால் செத்த மனுஷன் வாயில் பொய்யை வைத்துவிட்டீர்களே.

கடைசி வாரம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். "கல்லைத்தான் எடுத்துபோட்டாங்களே அம்மணி, இன்னும் ஏன் இப்படி வலிக்குது?" என்று கேட்டார். நோய் திரும்பிய பிறகு எனக்கு உண்மையைச் சொன்னபோதே, அவரிடம் சொல்லக் கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். நானும் கல் மிச்சமிருக்கிறது என்று சொன்னேன். வேட்டிக்குள் மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு தாரை வார்த்தாரே, தனக்கு என்ன நோய் என்றே அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை குட்டிக்குக் காது குத்தினோம். மாமன் எங்கே என்று சனம் கேட்டது. மாமன் இல்லை என்று சொல்லி, என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். உங்கள் தோடு காளிச்சாமியிடமே திரும்பி வருகிறது.

பத்மாவதி